மேயர் பொண்டாட்டி கேட்ட கேள்வியும் லிஃப்ட் நோட்டீஸும்

வியாசர்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து அவ்வப்போது ஒரு மொட்டைமாடியில் படம் போடுவோம். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், கட்டிவிட்ட வெள்ளை வேட்டி, அவ்வளவுதான் ஏற்பாடு. வருகிறவர்களில் பாதிப் பேர் அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் வீட்டுவேலைக்குப் போகும் அக்காக்கள். ஆங்கிலப் படம் என்றால் நான் நடுநடுவே நிறுத்தித் தமிழில் கதை சொல்லவேண்டும், அதற்கு வாங்கும் திட்டு தனி.

அப்படித்தான் 1985-இல் வந்த 'தி கலர் பர்ப்பிள்' போட்டோம். ஆலிஸ் வாக்கரின் நாவல், ஸ்பீல்பெர்க் இயக்கம், 11 ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வூப்பி கோல்ட்பெர்க் நடித்த சீலி, வீட்டு ஆண்களிடமே அடிபடும் கறுப்பினப் பெண், அவள்தான் நாயகி, ஆனால் எங்கள் மாடியில் எல்லோரையும் பிடித்துக்கொண்டது ஓப்ரா வின்ஃப்ரே நடித்த சோஃபியா. மேயரின் மனைவி சோஃபியாவின் பிள்ளைகளைப் பார்த்து, அடடா எவ்வளவு சுத்தம் என்று கொஞ்சிவிட்டு, என் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாயா என்று கேட்பாள். முடியவே முடியாது என்பாள் சோஃபியா. மேயர் அறைவார், இவள் ஒரே குத்தில் அவரைக் கீழே தள்ளுவாள். விசில் பறந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மட்டும் "போச்சு, இவளைச் சும்மா விடமாட்டானுங்க" என்றார்.

விடவில்லைதான். வருடக்கணக்கில் சிறை, உடம்பு போய், தலை நரைத்து, கடைசியில் அதே மேயர் மனைவியிடமே வேலைக்காரி. கிறிஸ்துமஸுக்குச் சோஃபியாவை அவள் பிள்ளைகளைப் பார்க்கக் கூட்டிப்போகிற அந்தம்மா, கார் ஓட்டத் தெரியாமல் திணறி, உதவ வந்த கறுப்பின ஆண்களைப் பார்த்து அலறி, சோஃபியாவை வந்த சூட்டோடு திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இந்த இடத்தில் நான் நிறுத்தவே இல்லை, அவர்களே நிறுத்தச் சொன்னார்கள். "தீபாவளி அன்னிக்கு எங்கம்மா அந்த வீட்டுப் பலகாரத்த முடிச்சுட்டு வர சாயங்காலம் ஆயிடும், நாங்க புதுத்துணிய போட்டுக்கிட்டு தெருமுனையில நிப்போம்" என்று ஆரம்பித்தார் ஒருவர். அப்புறம் படம் எங்கே ஓடியது? தனி டம்ளர், வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட், ஒன்பதாவது மாடியில் வேலை செய்துவிட்டு பாத்ரூமுக்குத் தரைத்தளம் வரை இறங்கவேண்டியது என்று பேச்சு நீண்டுகொண்டே போனது.

கல்லூரித் தம்பி ஒருவன் மட்டும் எரிச்சலாக இருந்தான். கறுப்பின ஆண்களை இவ்வளவு மோசமாகக் காட்டலாமா, இது வெள்ளைக்காரனுக்குத்தானே வசதி என்றான். நியாயமான கேள்வி, படம் வந்தபோது அமெரிக்காவிலேயே இதைச் சொல்லிப் போராட்டம் நடந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அதே அக்காதான் திரும்பினார்: "வெளிய அடிச்சவன் கதைய சத்தமா சொல்ற, வூட்ல அடிச்சவன் கதைய மட்டும் நான் முழுங்கணுமா?" அதற்கு அவன் பதில் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன், அந்தச் சண்டை இன்னும் கொஞ்சம் நடந்திருக்கவேண்டும்.

பாத்ரூம் பேச்சு வந்ததால் அடுத்த முறை 'ஹிட்டன் ஃபிகர்ஸ்' (2016). நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களின் கதை. கேத்தரின் ஜான்சன் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வேறு கட்டடத்துக் கழிப்பறைக்கு ஓடுவார், ஒருநாள் வெடிப்பார், வெள்ளைக்கார மேலதிகாரி வந்து, கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறை என்று மாட்டியிருந்த பலகையை அடித்து உடைப்பார். மாடியே அதிர்ந்தது. எனக்கு அந்தக் காட்சி ஆகவே ஆகாது. நிஜத்தில் எந்த மேலதிகாரியும் பலகையை உடைக்கவில்லை. கேத்தரின் பலகை இல்லாத கழிப்பறையைத் தன்பாட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார், யாரோ புகார் சொன்ன பிறகும். அவருக்கு முன்பே, நாசா என்ற பெயரே வராத காலத்தில், 1943-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த மிரியம் மான் என்று ஒரு பெண். சாப்பாட்டுக்கூடத்தில் கறுப்பினப் பெண்களுக்கான மேசை என்று ஒரு அட்டை வைத்திருப்பார்கள். இவர் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். புதிதாக வைப்பார்கள், அதையும் எடுப்பார். ஒரு கட்டத்தில் அட்டை வைப்பதையே விட்டுவிட்டார்கள். இப்படி ஒரு கதை கையில் இருக்கும்போது பலகையை உடைக்கிற வேலையை எதற்கு ஒரு வெள்ளைக்கார மேலதிகாரியிடம் கொடுத்தார்கள்?

இதைச் சொன்னதும் பின்னால் ஒரே சிரிப்பு. என்ன என்று கேட்டால் ஒரு பெண், "எங்க பிளாக்குலயும் வேலைக்காரங்களுக்கு தனி லிஃப்ட்டுன்னு ஒட்டுற அந்த நோட்டீஸு அடிக்கடி காத்துல பறந்துடுதுக்கா, செக்யூரிட்டி பாவம், ஒட்டி ஒட்டிப் பாக்குறாரு" என்கிறாள். யார் கிழிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

'ஜெய் பீம்' எல்லோரும் பார்த்தாகிவிட்டது, செங்கேணி நடக்க, போலீஸ் ஜீப் பின்னாலேயே ஊர்ந்து வருகிற காட்சியை மட்டும் திரும்பப் போடச் சொல்கிறார்கள். வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். தமிழ் டப்பிங் இருந்தால் என் தொண்டைக்கு நல்லது.