செங்கல் வைக்கும் ரோபோ: திரையில் மட்டம் சரி, நூலில் தாழ்வு. அவசர உதவி தேவை

அரைச்செங்கல்:
ரோபோ கட்டிய சுவர் நடுவில் தாழ்ந்து நிற்கிறது. திரையில் எல்லா வரிசையும் பச்சை, ஒரு பிழைச்செய்தி கூட வரவில்லை, ஆனால் நூல் பிடித்துப் பார்த்தால் தாழ்வு. இரண்டு தடவை அளவுத்திருத்தம் செய்தாயிற்று. நாளைக் காலை அடுத்த சுவர் தொடங்கணும். யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

நூல்பிடி:
எவ்வளவு தாழ்வு, எத்தனையாவது வரிசையில்? சுவர் நீளம்? தண்டவாளத்தில் ஓடும் ரோபோவா, லாரி மேலிருந்து நீளும் கையா? சிமெண்ட் கலவையா, பசையா? ஒன்றும் சொல்லாமல் தாழ்வு என்றால் ஜோசியம்தான் பார்க்கணும்.

வெயில்காலம்:
தண்டவாளம் வெயிலில் நீண்டிருக்கும், வேறொன்றும் இல்லை. எங்களுக்கும் மதியத்துக்கு மேல்தான் தகராறு வரும். நிழல் போடுங்கள்.

அரைச்செங்கல்:
கைபேசியில் அடிக்கிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். தண்டவாள வகை, கலவைதான். சுவர் 9 மீட்டர், கனம் ஒரு கல்லின் அகலம். கல் உயரம் 65 மி.மீ., கலவை 10 மி.மீ., மொத்தம் 16 வரிசை. 8ஆவது வரிசையில் நடுவில் 5 மி.மீ. குறைகிறது. இரண்டு மூலையும் அச்சு அசலாகச் சரி.

மூத்தகரண்டி:
வெயில்காலம் அவர்களே, கணக்கு என்று ஒன்று உண்டு. எஃகு 1 மீட்டருக்கு, 1 டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். 6 மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் ஒன்றரை மி.மீ. கூட வராது, அதுவும் நீளவாக்கில். 5 மி.மீ. கீழே எப்படி இறங்கும்? தண்டவாளத்தைச் சந்தேகிப்பவர்கள் கல்லைத் தொட்டே பார்ப்பதில்லை. நான் இதே இடத்தில் பல தடவை எழுதியாயிற்று, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

வெயில்காலம்:
தாங்குகால் சூட்டில் நிமிர்ந்தால் உயரமும் மாறும் சார். எங்கள் அனுபவத்தைச் சொன்னேன், தேர்வு எழுத வரவில்லை.

நூல்பிடி:
ஒரு நிமிஷம். மூலை மட்டும் ஏன் சரியாக நிற்கிறது? மூலையைக் கட்டியது யார்?

அரைச்செங்கல்:
கொத்தனார், முந்தின நாளே. இந்த ரோபோவுக்கு மூலை வராது. தெரிந்ததுதானே என்று எழுதவில்லை.

நூல்பிடி:
அதுதான் முக்கியமான விஷயமே! மூலை ஒரு நாள் இறுகியிருக்கிறது, நடுவில் ஈரக்கலவை. 16 வரிசையையும் ரோபோ எவ்வளவு நேரத்தில் ஏற்றியது?

அரைச்செங்கல்:
இரண்டரை மணி நேரம். நிற்கவே இல்லை, அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

பசைக்காரன்:
இதற்குத்தான் கலவையையே விடுங்கள் என்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஹாட்ரியன் எக்ஸ் ரோபோ பசையில்தான் கட்டுமானக் கட்டிகளை வைக்கிறது. 2006இல் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகக் கூட்டம் கான்டன்பைன் ஒயின் ஆலைக்கு 20,000 கல்லை ரோபோவால் அடுக்கியதும் பசையில்தான். பசை பிதுங்காது, இறங்காது.

மூத்தகரண்டி:
அந்த ஆலைச் சுவரைப் பலகை பலகையாகத் தொழிற்கூடத்தில் செய்து கொண்டுபோய் நிறுத்தினார்கள். களத்து மண்ணில் நின்றுகொண்டு கட்டுவதும் அதுவும் ஒன்றா? பசைக்கு ஒவ்வொரு கல்லும் உயரம் மாறாமல் இருக்கணும். ஒரே குவியலில் 3 மி.மீ. ஏறி இறங்கும் சூளைக்கல்லை என்ன செய்வீர்கள்? கலவைதான் அந்த வித்தியாசத்தை விழுங்கும்.

சாரம்ஏறி:
எல்லோரும் ரோபோவைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருக்கிறீர்கள். 1967லேயே மோட்டார் மேசன் என்று ஒரு செங்கல் அடுக்கும் இயந்திரத்தைப் படம்பிடித்துக் காட்டினார்கள், கொத்தனார் வேலை போச்சு என்று அப்போதும் சொல்லியிருப்பார்கள். இன்னும் கரண்டியோடு நான்தான் சாரத்தில் நிற்கிறேன். மூலை நான், சன்னல் ஓரம் நான், பிதுங்கிய கலவையை வழிப்பதும் நான். பெயர் மட்டும் ரோபோ கட்டியதென்று.

பசைக்காரன்:
அண்ணே, ஒரு நாளைக்கு 500 கல் வைத்த முதுகிடம் கேளுங்கள். சாம் என்ற செங்கல் ரோபோ 3,000 வரை வைக்கும் என்கிறார்கள். கல்லைத் தூக்கும் பாரம் குறைந்தால் யாருக்கு நஷ்டம்?

சாரம்ஏறி:
முதுகைப் பற்றி நான் குறை சொல்லவில்லை தம்பி. சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

நூல்பிடி:
இதைத் தனி இழையாகப் பேசுங்கள், அவருக்கு நாளைக் காலை வேலை இருக்கிறது. அரைச்செங்கல், என் ஊகம் இது. ரோபோ கல்லைச் சரியான உயரத்தில்தான் வைக்கிறது, வைத்த நொடியின் அளவைப் பதிந்து பச்சை காட்டிவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் மேலே எட்டு வரிசை ஏறும்போது கீழேயுள்ள ஈரக்கலவை நசுங்கி, கல்லுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு இணைப்பும் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் இறங்கினாலே உங்கள் 5 மி.மீ. வந்துவிடும். திரும்பிப் போய் அளக்கும் பழக்கம் ரோபோவுக்குக் கிடையாது. கொத்தனார் கையில் இதே சுவர் ஒரு நாளுக்கு மேல் இழுக்கும், அதற்குள் கீழே இறுகிவிடும்.

மூத்தகரண்டி:
16 வரிசை 1.2 மீட்டர்தான். ஒரு நாளுக்கு 1.5 மீட்டர் வரை ஏற்றலாம் என்பது பால பாடம். வேகம் மட்டும் காரணமில்லை. கல் ஈரமா, காய்ந்ததா? கேட்டால்தானே சொல்வார்.

நூல்பிடி:
அந்த 1.5 மீட்டர் நாள் முழுக்க நிதானமாகக் கட்டுபவருக்கு. இரண்டரை மணி நேரத்துக்கு அல்ல. கல் பற்றிய கேள்வி நியாயம்.

அரைச்செங்கல்:
ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊற வைத்து, எடுத்த கையோடு ரோபோவில் அடுக்கினோம். காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடுமே?

மூத்தகரண்டி:
அப்படிப் போடுங்கள். தண்ணீர் சொட்டும் கல் கலவை மேல் மிதக்கும், ஈரத்தை இழுக்க இடமில்லாததால் கலவை இறுகவும் இறுகாது. அதற்கு மேல் பம்பில் ஓடவேண்டும் என்று இளக்கமான கலவை வேறு போட்டிருப்பீர்கள். காய்ந்த கல்லில் சின்ன நாணய அளவு வட்டம் போட்டு 20 சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றரை நிமிஷத்துக்குள் குடித்துவிட்டால் மட்டும் கல்லை நனைக்கணும், அப்போதும் மேல்பரப்பு காய்ந்த பிறகுதான் வைக்கணும்.

நூல்பிடி:
நாளைக்கு 4ஆவது வரிசையின் நடுக்கல்லில் ஒரு கோடு போட்டு, வைத்த உடனே ஒரு அளவு, மேலே பத்து வரிசை ஏறியதும் ஒரு அளவு எடுங்கள். இறங்கினால் கலவை. அளவு மாறாமலே தாழ்வு இருந்தால் ரோபோ உயரம் அளக்கும் தொடக்கப்புள்ளியில்தான் தவறு, அப்போது வெயில்காலம் சொன்னதையும் பார்க்கலாம்.

வெயில்காலம்:
நன்றி. ஒருவராவது சொன்னீர்களே.

அரைச்செங்கல் (இரண்டு நாள் கழித்து):
அளந்தேன், பழையபடி ஊறின கல்லில் 4ஆவது வரிசை 2 மி.மீ. இறங்கியது. மறுநாள் கல்லை நனைக்கவே இல்லை, சொட்டுச் சோதனையில் இரண்டு நிமிஷம் தாண்டியது. இரண்டு சுவரை எடுத்து நான்கு நான்கு வரிசையாக மாற்றி மாற்றிக் கட்டினோம். நூலில் 1 மி.மீ.க்குள் நிற்கிறது. எல்லோருக்கும் நன்றி, ஓடுகிறேன்.

சாரம்ஏறி:
அந்த முதல் சுவரை இடித்தீர்களா, பூச்சில் மறைத்தீர்களா?

நூல்பிடி:
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். அரைச்செங்கல்?