புதுப்பிப்பு: அப்பத்தாவின் முழங்கால் வலிக்கு ரஸ் டாக்ஸா, பிரையோனியாவா?

காரைக்குடியில் இருக்கும் அப்பத்தாவின் முழங்கால் வலிக்கு எந்த ஹோமியோபதி மருந்தின் குறிகள் (அந்த மருந்துக்கென்று சொல்லப்படும் அறிகுறிகள்) பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் பிரையோனியா என்றீர்கள். ஹோமியோபதி மருத்துவர் ரஸ் டாக்ஸ் என்று முடித்துவிட்டார்.

பிரையோனியாவின் குறி, அசைந்தாலே வலி. அசையாமல் கிடந்தால் சுகம், தாகமும் அதிகம். ரஸ் டாக்ஸ் நேர்மாறு. அப்பத்தா வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து எழும்போது தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு "ஆத்தாடி" என்பார். முதல் நாலைந்து எட்டுக்கு உயிர் போகும். வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் இளகிவிடும். ஐப்பசி ஈரத்தில் வலி கூடும், வெந்நீர் ஒத்தடத்தில் குறையும், இரவெல்லாம் புரண்டுகொண்டே இருப்பார். நாக்கு நுனியில் சிவந்த முக்கோணமும் ஒரு குறியாம். வெற்றிலை போடும் வாயில் அதை எங்கே தேடுவது!

ரஸ் டாக்ஸின் மூலச்செடி வட அமெரிக்காவின் நச்சுப் படர்கொடி. தொட்டால் கொப்புளம், நம் மாவும் சேங்கொட்டையும் அதே குடும்பம். ஆனால் 30சி வீரியம் என்றால் நூறில் ஒன்றாக 30 முறை கரைத்தது. செடியின் ஒரு மூலக்கூறுகூட அதில் மிஞ்ச வாய்ப்பில்லை.

எலும்பு மருத்துவரிடமும் காட்டினோம். மூட்டுத் தேய்மானம். உட்கார்ந்து எழுந்ததும் இறுகி, நடக்க நடக்க இளகுவது தேய்மானத்தின் வழக்கமான போக்கே என்றார். ரஸ் டாக்ஸின் குறி என்று நாங்கள் பார்த்ததும் அதே போக்குத்தானே, என்னை உறுத்தியது அதுதான். தொடைத்தசைக்குப் பயிற்சி நடக்கிறது. ரஸ் டாக்ஸ் சர்க்கரை உருண்டைகளை மட்டும் அப்பத்தா விடுவதாக இல்லை, இனிப்பாக இருக்கிறதாம்.