காசு வாங்காத தையல் வகுப்பு: கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் தையல் சொல்லித்தருகிறேன். காசு வாங்குவதில்லை. பதிலுக்கு ஏதாவது பொருளோ, கைவேலையோ போதும் என்று சொல்லியிருக்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு நெல்லும் காய்கறியும் கொடுத்த கணக்குதான்.

அந்த "ஏதாவது"தான் வினையாகிவிட்டது. போன வாரம் வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் கையில் முருங்கைக்காய்! மூன்று நாளாக வீட்டில் வேறு சாம்பாரே இல்லை. எனக்கு உண்மையில் தேவைப்பட்டது நூல்கண்டும், மிஷினுக்கு எண்ணெய் போட்டுத்தர ஓர் ஆளும்.

2010இல் நியூயார்க்கில் தொடங்கி நடந்த 'ட்ரேட் ஸ்கூல்' என்ற பண்டமாற்று வகுப்புகளைப் பற்றிப் படித்தேன். அங்கே சொல்லித்தருபவர் தனக்கு வேண்டியதை முன்பே பட்டியல் போட்டுவிடுவார். சேருகிறவர் அதில் ஒன்றைக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டு பெயர் பதிவார். நல்ல யோசனைதான், ஆனால் அங்கே நடந்தவை பெரும்பாலும் ஒரே நாளில் முடியும் வகுப்புகள். பிளவுஸ் வெட்டக் கற்க இரண்டு மாதமாவது ஆகுமே.

இப்படி நடத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? வாராவாரம் வாங்குவதா, மொத்தமாக ஒரே பண்டமாற்றாகப் பேசிக்கொள்வதா? அப்புறம், ஒருத்தி வெறுங்கையோடு வந்து கூச்சத்தில் வாசலோடு திரும்பிவிட்டாள். அவளுக்கு நோகாமல் எப்படிக் கூப்பிடுவது? இதற்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

முருங்கைக்காய் வேண்டுவோரும் சொல்லுங்கள், இன்னும் இருக்கிறது.