வீட்டு ஜெபத்தில் ஞானோபதேசம்: எப்படித் தொடங்குவது?

கேள்வி: பிள்ளைகளுக்கு 7, 11 வயது. மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை (கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் சிறுநூல்) வீட்டு ஜெபத்தில் சேர்க்க எண்ணம். மனப்பாடத்தோடு நின்றுவிடாதா?

பதில் 1: பத்துக் கற்பனைகளில் (பத்துக் கட்டளைகளில்) வாரத்துக்கு ஒன்று போதும். சின்னவனுக்குக் கற்பனை மட்டும், மூத்தவளுக்கு "இதன் பொருள் என்ன?" பகுதியும். பத்து நிமிடம் தாண்டினால் சலிப்பு வரும். வாசகத்தை நடுவில் மாற்றாதீர்கள். 1529 முன்னுரையில் லூத்தரே அதைக் கண்டிப்பாகச் சொல்கிறார்: சொற்கள் மாறினால் பிள்ளை குழம்பும். விளக்கம் பிறகுதான்.

பதில் 2: ஒரு சிக்கல். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஞாயிறு பள்ளியில் "கொலை செய்யாதிருப்பாயாக" ஆறாவது, லூத்தரன் வரிசையில் ஐந்தாவது. எண்ணை விட்டுக் கற்பனையைச் சொல்லியே கேளுங்கள்.

பதில் 3: சபை ஐயரிடம் (போதகரிடம்) ஞானோபதேசத்தின் சபைப் பிரதியையே வாங்குங்கள், ஐயா. திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு) வகுப்பில் அதே வாசகத்தைத்தான் கேட்பார்கள்.