கோடை மாலையில் மொட்டைமாடி பாருக்கு எந்தக் காக்டெயில் பொருந்தும்?

அந்திவானம்:

பெருநகரத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாங்கள், கோடை மாலைகளில் உயரமான கட்டடங்களின் மொட்டைமாடியில் இயங்கும் பார்களில் கூடுவது வழக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த பொழுது. ஆனால், குளிரூட்டிய அறைக்குள் அருமையாக இருக்கும் அதே காக்டெயில் திறந்த வெளிக்கு வந்ததும் சுவை மாறிவிடுகிறது. பாதி குடிப்பதற்குள் ஐஸ் கரைந்து சப்பென்று ஆகிறது, அல்லது தித்திப்பு மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. உயரமான இடத்தில் போதை சீக்கிரம் ஏறும் என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா? வெட்டவெளிக்கு எந்த வகை காக்டெயில் ஏற்றது, எந்த நேரத்தில் போவது நல்லது, எங்கள் கூட்டத்தில் மது அருந்தாதவர்கள் என்ன கேட்டு வாங்கலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஷேக்கர்:

மொட்டைமாடி பாரில் பார்டெண்டராக வேலை செய்பவன் என்பதால் ஐஸிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அங்குதான் பிறக்கின்றன. "ஐஸ் குறைவாகப் போடுங்கள்" என்று கேட்பவர்கள் அதிகம். அப்படிக் கேட்பதால் மதுவின் அளவு கூடுவதில்லை, அது அளந்துதான் ஊற்றப்படுகிறது. பானம் சூடாவது மட்டுமே விரைவுபடுகிறது. 1 கிராம் ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை உள்வாங்குகிறது, அந்த வெப்பம் 1 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 80 டிகிரி செல்சியஸ் உயர்த்தப் போதுமானது. ஆகவே, கிளாஸின் விளிம்பு வரை பெரிய துண்டுகளாக நிரப்பினால் பானம் கடைசிவரை குளிர்ந்தே இருக்கும், கரையும் நீரும் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று சிறு துண்டுகள் மட்டும் மிதந்தால், அவை வந்த வேகத்தில் கரைந்து பானத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டு, அதைச் சூட்டிலும் விட்டுவிடும்.

தித்திப்பு தூக்கலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். குளிர்ச்சி அதிகமாக இருக்கும்போது நாக்கு இனிப்பைக் குறைவாக உணர்கிறது, பானம் சூடேறச் சூடேற அதே அளவு சர்க்கரை கூடுதலாகத் தெரிகிறது. சோடாவின் குமிழிகளும் சூட்டில் வேகமாக வெளியேறிவிடுவதால் அந்தச் சுருக்கென்ற உணர்வும் போய்விடும். எனவே சிரப்பும் க்ரீமும் நிறையச் சேர்ந்த பானங்களை வெளியில் தவிர்த்துவிட்டு, உயரமான கிளாஸில் வரும் புளிப்பும் கசப்பும் கலந்த பானங்களைக் கேளுங்கள். ஜின்னும் எலுமிச்சையும் சோடாவும் சேரும் டாம் காலின்ஸ், டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவுடன் கிரேப்ஃப்ரூட் சோடா சேரும் பலோமா, ஜின் அண்ட் டானிக் ஆகிய மூன்றும் கொஞ்சம் நீர்த்தாலும் தம் குணத்தை இழக்காதவை. அப்பெரோல் ஸ்பிரிட்ஸ் கோடைக்கென்றே அமைந்ததைப் போன்றது. 1919-இல் இத்தாலியின் பதுவா நகரில் அறிமுகமான அப்பெரோல் என்ற கசப்பும் இனிப்பும் கலந்த மதுவில் ஆல்கஹால் 11 விழுக்காடுதான். மூன்று பங்கு ப்ரொசெக்கோ (குமிழிகள் உள்ள இத்தாலிய ஒயின்), இரண்டு பங்கு அப்பெரோல், ஒரு பங்கு சோடா என்று கலக்கும்போது முழு பானமும் ஒயினைவிட மென்மையாகிவிடுகிறது.

ரம்மும் புதினாவும் எலுமிச்சையும் சோடாவும் சேரும் மொஹிட்டோ கேட்பதாக இருந்தால், பார்டெண்டர் புதினாவை என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். இலையை மெல்ல அழுத்தினாலே வாசனை எண்ணெய் இறங்கிவிடும். நார்நாராக இடித்தால் பச்சைக் கசப்பு வரும், இலைத் துணுக்குகள் ஸ்ட்ராவிலும் அடைத்துக்கொள்ளும்.

நீலவேளை:

ஷேக்கர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் உயரமான கிளாஸ் மட்டுமே கோடைக்குரியது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை என்ற மூன்றை மட்டும் ஐஸுடன் குலுக்கும் குவளையில் போட்டு நன்றாகக் குலுக்கி, வடிகட்டி, உறைநிலைக்கு அருகில் குளிர வைத்த சிறிய கிளாஸில் ஐஸ் இல்லாமல் ஊற்றித் தரும் டைக்கிரி, கியூபாவின் வெக்கையில் பிறந்த பானம். அதைச் சூடேறும் முன்பே குடித்து முடிக்கலாம். கரைந்து நீர்க்கக் கிளாஸில் ஐஸே இல்லை. மாலையின் முதல் பானமாக அதற்கு இணை இல்லை என்பது என் கருத்து. ஆனால் அது வலுவானது, ஆகவே அடுத்த சுற்றுக்கு ஸ்பிரிட்ஸ் போன்ற மென்மையான ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, கதிரவன் மறைவதற்குச் சற்று முன் போய் அமருங்கள். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இருட்டிய பிறகும் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், சுவரை ஒட்டிய மேசையைவிடக் காற்றோட்டமான ஓரம் உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் நேரடிக் காற்று வீசும் இடத்தில் பானத்தின் மணம் மூக்கை அடைவதற்குள் பறந்துவிடும், ஐஸும் வேகமாகக் கரையும். காற்றைத் தடுக்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நிழல்மேசை:

உயரத்தால் போதை சீக்கிரம் ஏறும் என்பது மொட்டைமாடிக்குப் பொருந்தாது. 100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 விழுக்காடுதான் குறைகிறது, அதனால் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. உங்கள் நண்பர் உணர்வதற்கு வெக்கையே காரணமாக இருக்கலாம். சிறுநீர் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெசின் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. வியர்வையாலும் நீர் போகிறது. தாகத்துக்குக் காக்டெயிலையே குடிக்கும்போது குடிக்கும் வேகமும் கூடுகிறது. ஒவ்வொரு காக்டெயிலுக்கும் இடையில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள், வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள். வண்டி ஓட்ட வேண்டியவர் அன்று மதுவைத் தொடவே கூடாது.

வெயில் இருக்கும்போதே போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். எலுமிச்சைத் துண்டைப் பிழிந்த கையை வெயிலில் காட்டினால் தோல் வெந்துபோகலாம். பழத்தின் சாற்றிலும் மேல்தோலிலும் உள்ள ஃப்யூரானோகூமரின் என்ற பொருள் புற ஊதாக் கதிருடன் சேரும்போது இது நிகழ்கிறது. எரிச்சலும் கொப்புளமும் பெரும்பாலும் ஒரு நாள் கழித்தே தோன்றுவதால், எதனால் வந்தது என்று பலருக்குப் புரிவதில்லை. பிறகு பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். பிழிந்தவுடன் சோப்புப் போட்டுக் கைகழுவிவிடுங்கள்.

மது அருந்தாத நண்பர்களுக்கு வண்ண வண்ணமான சிரப் கலவையை நீட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது. டானிக் வாட்டரில் நசுக்கிய வெள்ளரியும் எலுமிச்சையும், அல்லது ரம் இல்லாத மொஹிட்டோவைச் சர்க்கரை குறைத்தும் கேட்டு வாங்கலாம். டானிக்கில் உள்ள குயினைனின் கசப்பு, அந்தப் பானத்தை நிதானமாகச் சுவைக்க வைக்கும்.

அந்திவானம்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். நாங்கள் ஏழெட்டுப் பேர் போவதால் ஒரு ஜக் நிறையக் காக்டெயில் வாங்கிப் பகிர்ந்துகொள்வது சரியாக வருமா?

ஷேக்கர்:

வரும், ஆனால் ஐஸை ஜக்கில் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மதுவும் சாறும் கலந்த ஜக்கை நன்றாகக் குளிர வைத்துக் கொண்டுவரச் சொல்லி, ஐஸை ஒரு வாளியிலும் சோடாவைத் திறக்காத பாட்டில்களிலும் தனியாகக் கேளுங்கள். அவரவர் கிளாஸை ஐஸால் நிரப்பி, கலவையை ஊற்றி, கடைசியில் சோடா சேர்த்து, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து ஒருமுறை மட்டும் கிளறினால் போதும். யாருக்கு எவ்வளவு மென்மையாக வேண்டுமோ அப்படிக் கலந்துகொள்ளலாம்.