எஸ்.ஐ. மூட்டு (முதுகெலும்போட அடியும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டு) வலி: கண்டி பக்கம் ஊசி போடுற இடம் தெரியுமா?

வணக்கம், டிக்கோயா பக்கத்துல இருந்து எழுதுறேன். அம்மாவுக்கு 52 வயசு, கொழுந்து எடுக்குற வேலை. போன மழைக்கு மலையில வழுக்கி இடது பக்கமா குந்தி விழுந்தாங்க, அதுல இருந்து இடுப்புக்குக் கீழ பின்பக்கம் குழி விழுற இடத்துல வலி, எங்கன்னு கேட்டா ஒரே விரலை வச்சுக் காட்டுறாங்க. படுக்கையில புரண்டாலும் பெஞ்சுல இருந்து எழும்பினாலும் லயத்துப் படி ஏறினாலும் குத்துதாம், சில நேரம் தொடை வரைக்கும் போகும், ஆனா கால் மரத்துப்போறது, பலம் கொறையுறது ஒன்னும் இல்ல.

மொதல்ல டிஸ்க்னு சொன்னாங்க. எம்.ஆர்.ஐ. எடுத்தா டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, வாதத்துக்கான ரத்த டெஸ்டும் நோர்மல். கடைசியில ஒரு பிசியோ மிஸ்தான் தொடையை மடக்கி அமத்தி, இடுப்பெலும்பை ரெண்டு பக்கமும் தள்ளி ஒவ்வொன்னா செஞ்சு பார்த்தாங்க, இந்த டெஸ்ட்டுகள்ல கொறைஞ்சது மூணு வலிச்சா எஸ்.ஐ. மூட்டா இருக்க சான்ஸ் கூடவாம், அம்மாவுக்கு நாலு வலிச்சுச்சு. இத ஆரம்பத்துலயே யாராவது செஞ்சிருந்தா ஸ்கேன் காசாவது மிஞ்சியிருக்கும்.

வலி மாத்திரை, வெதமாத்தயா (நாட்டு வைத்தியர்) குடுத்த எண்ணெய், பயிற்சி, இடுப்பு பெல்ட் எல்லாம் பார்த்தாச்சு. பெல்ட் போட்டா சமதரையில நடக்கலாம், கொழுந்துக் கூடைய மாட்டினா பெல்ட்டும் கணக்கில்ல. இப்ப எக்ஸ்ரேல பார்த்துக்கிட்டே மூட்டுக்குள்ள மரப்பு ஊசி போடச் சொல்றாங்க, உடனே வலி நல்லா கொறைஞ்சா அந்த மூட்டுதான்னு ஓரளவு உறுதியாகுமாம், அதுக்குப் பொறகுதான் நரம்பை சூடாக்குற ஆர்.எஃப். வைத்தியம் பத்தி யோசிக்கலாமாம்.

கண்டி, பேராதனை பக்கம் இந்த ஊசிய கவர்மென்ட் கிளினிக்ல எங்க போடுறாங்க?