பருந்தா, கழுகா? லியனார்டோவின் தொட்டில் நினைவு

மழைக்குருவி:
கலை எங்கிருந்து வருகிறது என்று பேச்சு எடுத்தாலே "எல்லாம் ஆழ்மனம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆழ்மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்ட் 1910-இல் ஓவியர் லியனார்டோ டாவின்சியைப் பற்றி எழுதிய சிறு நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை இறங்கி வந்து, வாலால் தன் வாயைத் திறந்து, உதடுகளுக்குள் பலமுறை அடித்ததாக லியனார்டோ ஒரு குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய இத்தாலியச் சொல் 'நிப்பியோ', அதாவது பருந்து. பிராய்ட் நம்பிய ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது பிணந்தின்னிக் கழுகாகிவிட்டது. அந்தக் கழுகைப் பிடித்துக்கொண்டு அவர் எகிப்துக்கே போய்விட்டார். அங்கே மூத் என்ற தாய்த் தெய்வத்துக்குக் கழுகுத் தலை. கழுகில் ஆணே கிடையாது, காற்றால் கருவுறும் என்று ஒரு பழைய நம்பிக்கை வேறு. அந்தக் கழுகுதான் தாய், தகப்பன் அருகில் இல்லாமல் அவளிடம் வளர்ந்த பிள்ளை லியனார்டோ என்று முடிச்சுப் போட்டார். பறவை மாறியதும் முடிச்சு அவிழ்ந்துபோகிறது.

ஆலமரத்தடி:
பறவை விஷயத்தில் பிராய்ட் தவறியது உண்மைதான். ஆனால் தொட்டில் பிள்ளைக்கு எது நினைவிருக்கும்? அது பின்னாளில் கற்பனையில் உருவாகிப் பிள்ளைப் பருவத்துக்குள் போய் உட்கார்ந்தது என்று பிராய்டே சொல்கிறார். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ஏன் இப்படிக் கற்பனை செய்ய வேண்டும்? அவர் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர். 1457-ஆம் ஆண்டு வரிக்கணக்கில் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தாத்தா வீட்டில் இருக்கிறார். தாய் கத்தரீனா வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். இதெல்லாம் மனத்தில் ஒன்றும் செய்யாமலா இருக்கும்?

என் கதையைச் சொல்கிறேன். இருபது வருடமாகப் படம் வரைகிறேன். எந்த வீட்டை வரைந்தாலும் பின்வாசல் கதவு திறந்தே இருக்கும். ஒரு நண்பர் காட்டும்வரை நான் கவனித்ததே இல்லை. எனக்கு ஏழு வயதில் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனது பின்வாசல் வழியாகத்தான். அவர் திரும்பி வரவில்லை.

மழைக்குருவி:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் கதவை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் லியனார்டோ சொன்ன பறவை வாலுக்கு வேறு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. குளத்துக்கு மேலே வட்டமிடும் பருந்தைப் பாருங்கள். இறக்கையை அடிக்காமலே, பிளவுபட்ட வாலை ஒரு பக்கம் திருகியே திரும்பும். 1505 வாக்கில் லியனார்டோ பறவை பறக்கும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பருந்தைப் பற்றி எழுதுவது தன் விதி என்று சொல்லத்தான் தொட்டில் நினைவையே கொண்டுவருகிறார். தத்துவஞானி பிளேட்டோ குழந்தையாக இருந்தபோது உதட்டில் தேனீ உட்கார்ந்தது, மிடாஸ் மன்னன் குழந்தையாக இருந்தபோது வாயில் எறும்பு கோதுமை மணியை வைத்தது என்றெல்லாம் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த சகுனக் கதைகள் உண்டு. இதுவும் அந்த வகைதான் என்று மேயர் ஷாபிரோ என்ற கலை வரலாற்றாளர் 1956-இல் காட்டினார். இன்னொன்று: குஞ்சு கொழுத்தால் பொறாமைப்பட்டுக் கொத்திப் பட்டினி போடும் பறவை என்று லியனார்டோ வேறோர் இடத்தில் எழுதியது இதே பருந்தைத்தான். இதுவா பாசமுள்ள தாய்?

சக்கரம்:
நடுவில் ஒரு வார்த்தை. படைப்பு செடி என்றால் படைப்பாளியின் வாழ்க்கை மண்; மண்ணை ஆராய்ந்து மட்டும் செடியை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது என்று உளவியலாளர் யுங் 1922-லேயே சொன்னார். அவருடைய 'சிவப்புப் புத்தகம்' நினைவுக்கு வருகிறது. 1913 இலையுதிர்காலத்தில் ஐரோப்பா வெள்ளத்தில் மூழ்குவதுபோல் விழித்திருக்கும்போதே காட்சிகள் கண்டார். முதலில் கறுப்பு நோட்டுகளில் கிறுக்கினார். அப்புறம் அதையே அழகான எழுத்தில், வண்ணப் படங்களோடு 1930 வரை பொறுமையாகப் படியெடுத்தார். காட்சி ஒரு நொடியில் வந்திருக்கலாம். கைக்கோ பதினாறு வருடம் தேவைப்பட்டது.

ஆலமரத்தடி:
அதை நான் மறுக்கவில்லை. படைப்பாளி என்ற புதிருக்கு முன்னால் உளப்பகுப்பாய்வு ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியதுதான் என்று ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி பற்றிய 1928 கட்டுரையில் பிராய்டே ஒப்புக்கொண்டார். எப்படி இவ்வளவு நன்றாக வரைந்தார் என்பதற்கு விடை இல்லை, சரி. ஏன் இதையே திரும்பத் திரும்ப வரைகிறார் என்று கேட்கக் கூடாதா?

மழைக்குருவி:
தாராளமாகக் கேட்கலாம், பதில் சொல்ல ஆள் இருந்தால். உங்கள் நண்பர் கதவைக் காட்டினார், நீங்கள் யோசித்து ஆமாம் என்றீர்கள். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். லியனார்டோவால் இல்லை என்று சொல்ல முடியாதே. அதனால்தான் கழுகு அத்தனை வருடம் கேள்வியில்லாமல் உட்கார்ந்திருந்தது.

ஒன்று கேட்கட்டுமா? காரணம் தெரிந்த பிறகு அடுத்த படத்தில் கதவை மூடினீர்களா?

ஆலமரத்தடி:
மூடிப் பார்த்தேன். சுவர் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகிப் படம் செத்துவிட்டது. மறுநாள் காலை திறந்துவிட்டு, வெளியே முருங்கை மரத்தடியில் கொஞ்சம் மஞ்சள் கூட்டினேன்.